இன்னும் ஆறு மாசம் படுத்திருந்தால்

எங்கள் பெரியம்மாவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அப்புச்சியைப் பற்றிப் பேச்சு வந்தால் அவர் சொல்வது எப்போதும் ஒரே வாக்கியம்தான். "சானடோரியத்துல இன்னும் ஆறு மாசம் படுத்திருந்தா எங்கய்யன் பொழச்சிருக்கும் கண்ணு."

அப்புச்சி திருப்பூரில் ஒரு ஜின்னிங் பேக்டரியில் வேலை பார்த்தவர். 1954இல் இருமலோடு ரத்தம் வர, பெருந்துறை சானடோரியத்தில் சேர்த்தார்கள். ஐந்தாவது மாதம், யாரிடமும் சொல்லாமல் அவராகவே கிளம்பி வீட்டுக்கு வந்துவிட்டார். பஞ்சு சீசன் தொடங்கியிருந்தது. வீட்டில் நாலு பிள்ளைகள். அமிச்சி ஒருத்தியின் கூலியில் அடுப்பு எரியவில்லை. வந்த ஒரு வருடம் நன்றாகத்தான் இருந்தாராம். பிறகு மறுபடி இருமல். 1958இல் போய்விட்டார்.

பெரியம்மாவின் அந்த வாக்கியம் ரொம்ப நாளாக என்னைக் குடைந்துகொண்டிருந்தது. அதில் துக்கம் மட்டும் இல்லை, அப்புச்சி மேல் ஒரு குற்றச்சாட்டும் இருக்கிறது. அது நியாயமானதா? ஒரு தொற்று நோயாளி ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் இருக்க வேண்டும், எத்தனை நாள் இருக்க முடிகிறது என்பதை உண்மையில் எது தீர்மானிக்கிறது? காசநோயின் வரலாற்றைக் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். இந்தக் கேள்விக்கு உலகத்துக்கே பதில் சொன்ன ஆய்வு நம் சென்னையில் நடந்திருக்கிறது. அதுவும் அப்புச்சி இருமிக்கொண்டிருந்த அதே வருடங்களில்.

படுக்கையே மருந்தாக இருந்த காலம்

ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தது 1882 மார்ச் 24. எதிரி யாரென்று தெரிந்துவிட்டது. ஆனால் அதைக் கொல்லும் மருந்து கிடைக்க அதற்குப் பிறகு அறுபது வருடத்துக்கு மேல் ஆனது. இந்த இடைவெளியில் மருத்துவர்கள் கையில் இருந்தவை மூன்றே விஷயங்கள்: ஓய்வு, நல்ல காற்று, நல்ல சாப்பாடு. மூன்றையும் ஒரே இடத்தில் கொடுக்கக் கட்டியதுதான் சானடோரியம்.

சென்னைக்காரர்களுக்குத் தாம்பரம் சானடோரியம் ஒரு ரயில்வே ஸ்டேஷன் பெயர். அந்தப் பெயருக்குக் காரணமான மருத்துவமனையை 1928இல் தொடங்கியவர் டாக்டர் சவுரிமுத்து. இங்கிலாந்தில் மெண்டிப் மலைப் பகுதியில் சானடோரியம் நடத்திவிட்டுத் திரும்பியவர். 1917இல் அங்கே அவரிடம் சிகிச்சைக்கு வந்தவர்களில் ஒருவர் நம் ஈரோட்டில் பிறந்த கணிதமேதை ராமானுஜன். அங்கிருந்து மாட்லாக் என்ற ஊர் சானடோரியத்துக்கு மாறி, மாதக்கணக்கில் குளிரிலும் பிடிக்காத சாப்பாட்டிலும் கிடந்தார். அவருக்கு இருந்தது காசநோய்தானா என்பதிலேயே பிற்கால மருத்துவர்களுக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் சானடோரியத்தில் அவருக்குக் கிடைத்தது அந்தக் காலத்தின் வழக்கமான சிகிச்சைதான்.

அந்தச் சிகிச்சைக்கு முடிவுத் தேதி கிடையாது. எடை கூடுகிறதா, காய்ச்சல் விட்டதா, சளியில் கிருமி போனதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஒரு வருடம், இரண்டு வருடம் படுத்துக் கிடந்தவர்கள் சாதாரணம். நெஞ்சுக்குள் காற்றை ஏற்றி, நோயுற்ற நுரையீரலைச் சுருக்கி அதற்கு ஓய்வு கொடுக்கும் முறை ஒன்றும் இருந்தது. ஏற்றிய காற்று கரைந்துபோகும் என்பதால் திரும்பத் திரும்ப ஏற்ற வேண்டும். அதற்காகவே நோயாளி வருடக்கணக்கில் மருத்துவமனையோடு கட்டப்பட்டுக் கிடந்தார்.

பெருந்துறையும் இந்த வகைதான். இப்போது அந்த வளாகத்தில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1992இல் போக்குவரத்துத் தொழிலாளர்களின் பிள்ளைகளை மனதில் வைத்துத் தொடங்கப்பட்ட கல்லூரி அது. ஆனாலும் தபால் முகவரியில் சானடோரியம் என்ற சொல் அப்படியே நிற்கிறது. பெரியம்மாவுக்கு ஞாபகம் இருப்பது நீளமான வராந்தா, வரிசையாகக் கட்டில்கள், தினமும் பால், முட்டை. "உங்கப்புச்சி வாழ்நாள்ல தெனமும் முட்டை தின்னது அந்த அஞ்சு மாசந்தான்" என்பார். அப்புறம் ஒன்று சொல்வார்: "தெனமும் ஒரு ஊசி போடுவாங்க."

அந்த ஊசியை மறந்துவிடாதீர்கள். திரும்ப வருகிறேன்.

கணக்கு இடித்த இடம்

சானடோரியம் நல்ல ஏற்பாடுதான். எத்தனை பேருக்கு என்பதுதான் சிக்கல். 1946இல் வந்த போர் கமிட்டி அறிக்கை இந்தியாவில் தீவிரக் காசநோயாளிகள் சுமார் 25 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. வருடத்துக்குச் சாகிறவர்கள் சுமார் 5 லட்சம். காசநோய்க்கென்று இருந்த படுக்கைகள் ஏறக்குறைய 6,000.

வகுத்துப் பாருங்கள். ஒரு படுக்கைக்கு 400 பேருக்கு மேல் வருகிறது. ஆளுக்கு ஒரு வருடம் என்று வைத்தால், கடைசி ஆள் தன் முறைக்கு நானூறு வருடம் காத்திருக்க வேண்டும்! படுக்கைகளைப் பத்து மடங்கு ஆக்கினாலும் நாற்பது வருடம். ஆக, நாம் "எத்தனை நாள் படுத்திருக்க வேண்டும்" என்று கேட்பது, படுக்கை கிடைத்த அந்த நானூறில் ஒருத்தரைப் பற்றித்தான். அப்புச்சி அந்த ஒருத்தர். அவர் எழுந்து வந்த கட்டிலில் மறுநாளே இன்னொருவர் படுத்திருப்பார்.

இதற்கிடையில் மருந்துகள் வரத் தொடங்கிவிட்டன. 1943இல் ஸ்ட்ரெப்டோமைசின், அதையடுத்துப் பாஸ், 1952இல் ஐசோனியசிட். ஸ்ட்ரெப்டோமைசினை மட்டும் தனியாகக் கொடுத்தபோது நோயாளிகள் முதலில் அதிசயமாகத் தேறினார்கள், பிறகு பலருக்கு நோய் திரும்பியது. கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிட்டது. 1948இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்விலேயே இது தெரிந்துவிட்டது. அதிலிருந்து கற்ற பாடம் இரண்டு: ஒரு மருந்து போதாது, சேர்த்துக் கொடுக்க வேண்டும். நோயாளி தேறிவிட்ட மாதிரி தெரிந்தாலும் நிறுத்தக் கூடாது, மாதக்கணக்கில் தொடர வேண்டும்.

அப்போது இயல்பாக ஒரு கேள்வி எழுகிறது. மாத்திரையை விழுங்கத்தான் வேண்டுமென்றால், அதை வீட்டில் விழுங்கினால் என்ன?

சேத்துப்பட்டு

1956இல் சென்னையில் காசநோய் மருந்து சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் என நாலு பேர் சேர்ந்து செய்த காரியம். தலைமை ஏற்று வந்தவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இருப்பது அதுதான்.

அவர்கள் செய்தது சொல்லப்போனால் ரொம்ப எளிமையானது. சென்னையின் ஏழைக் காசநோயாளிகள் 193 பேரை எடுத்துக்கொண்டார்கள். யார் சானடோரியம் போவது, யார் வீட்டில் இருப்பது என்று மருத்துவர் தேர்வு செய்யவில்லை. குலுக்கல் மாதிரி ஒதுக்கினார்கள். இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஐசோனியசிட்டும் பாஸும், ஒரு வருடம். சானடோரியம் போனவர்களுக்கு ஓய்வு, நர்ஸ் கவனிப்பு, நல்ல சாப்பாடு. வீட்டில் இருந்தவர்களுக்கு அவரவர் வீடு, அவரவர் கஞ்சி, நெரிசல், வேலை. வாராவாரம் வந்து மாத்திரை வாங்கிப்போக வேண்டும். ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று பார்க்க, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்ச மாத்திரையை எண்ணுவார்கள், சிறுநீரை வாங்கிப் பரிசோதிப்பார்கள்.

முடிவு 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. வருட முடிவில் நோய் அடங்கியிருந்தவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு எடை நன்றாக ஏறியிருந்தது. ஆனால் கிருமி போனதில் அந்த அளவுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. நல்ல சாப்பாடும் ஓய்வும் இல்லாத வீட்டிலேயே பத்தில் எட்டுப் பேருக்கு மேல் தேறியிருக்கிறார்கள். ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தபோதும் வீட்டு நோயாளிகளுக்கு நோய் அதிகமாகத் திரும்பவில்லை.

எல்லோரும் பயந்தது இன்னொன்று: வீட்டில் வைத்துக்கொண்டால் பெண்டு பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளாதா? அதையும் ஐந்து வருடம் கண்காணித்தார்கள். வீட்டில் சிகிச்சை பெற்றவரின் குடும்பத்தில் நோய் கூடுதலாக வரவில்லை. ஒட்ட வேண்டியது பெரும்பாலும் நோயைக் கண்டுபிடிப்பதற்கு முன்னாலேயே ஒட்டிவிடுகிறது. மருந்து தொடங்கிவிட்டால் பரவுவது வேகமாகக் குறைகிறது.

இந்த ஒரு ஆய்வு உலகத்தின் பார்வையையே திருப்பியது. 1962இல் வந்த நம் தேசியக் காசநோய்த் திட்டம் இதன்மேல் எழுந்ததுதான். பல நாடுகளில் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, அல்லது வேறு மருத்துவமனைகளாக மாறின. வருடக்கணக்கில் இருந்த படுக்கைக் காலம், பெரும்பாலான நோயாளிகளுக்குப் பூஜ்யமாகிவிட்டது.

பெரியம்மா சொன்னது சரியா?

இப்போது அந்த ஊசிக்கு வருவோம்.

அப்புச்சி இன்னும் ஆறு மாதம் வெறுமனே படுத்திருந்தால் பிழைத்திருப்பாரா? சென்னை ஆய்வின்படி படுக்கைக்கு அந்தச் சக்தி கிடையாது. ஆனால் ஆறு மாதம் தொடர்ந்து மருந்து கிடைத்திருந்தால்? பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம். அவர் சானடோரியத்திலிருந்து கிளம்பி வந்த நாளோடு ஊசி நின்றுபோனது. வீட்டுக்கு மாத்திரை கொடுத்தனுப்பி, வாராவாரம் ஆளைப் பார்க்கும் ஏற்பாடெல்லாம் அன்றைக்குத் திருப்பூரில் அவருக்கு யார் செய்ய? அவர் காலத்தில் கட்டிலையும் மருந்தையும் ஒன்றாக முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள். கட்டிலை விட்டவர் மருந்தையும் விட்டார். அந்த முடிச்சை அவிழ்க்க முடியும் என்று நிரூபிக்கிற வேலை சேத்துப்பட்டில் நடந்துகொண்டிருந்தபோதுதான் அவர் செத்தார். முடிவு வெளியானது அடுத்த வருடம்.

ஆக, பெரியம்மா சொன்னது 1955க்குச் சரி, 1959க்குத் தப்பு.

அவர் ஏன் கிளம்பி வந்தார் என்பதற்கும் ஒரு காகிதச் சாட்சி இருக்கிறது. தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டம் 1948இல் வந்தது. நோயில் படுத்தால் கூலியில் ஒரு பங்கு கிடைக்கும் என்று சொன்ன சட்டம். இ.எஸ்.ஐ. திட்டம் கோவைக்கு 1955 ஜனவரியில் வந்தது, இன்றைய தமிழ்நாட்டுப் பகுதியில் அதுதான் முதல் ஊர். எழுபது, எண்பது கிலோமீட்டர் தூரத்தில் அப்புச்சி படுத்திருந்தார். ஆனால் அந்தச் சட்டம் சீசன் தொழிற்சாலைகளை விலக்கி வைத்திருந்தது. எவையெல்லாம் சீசன் தொழிற்சாலை என்று சட்டத்திலேயே ஒரு பட்டியல் உண்டு. அதில் முதலில் நிற்கிற பெயர் பஞ்சு ஜின்னிங்.

இதைப் படித்த அன்று கொஞ்ச நேரம் எதுவும் செய்யத் தோன்றவில்லை. அப்புச்சி ஐந்தாம் மாதம் எழுந்து வந்ததற்கு அவருடைய அவசரம் காரணம் என்று எழுபது வருடமாக வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம். கட்டில் இலவசமாகக் கிடைத்தாலும், கட்டிலில் படுத்திருக்கும் நாட்களுக்கு யாராவது கூலி கொடுக்க வேண்டும் இல்லையா?

முடிச்சோடு சேர்ந்து அவிழ்ந்தவை

சென்னை ஆய்வைக் கொண்டாடுகிறவர்கள் பொதுவாக இங்கே நிறுத்திவிடுவார்கள். எனக்கு இதற்குப் பிறகுதான் சங்கடம்.

கட்டிலோடு கட்டியிருந்தது மருந்து மட்டும் இல்லை. சாப்பாடும் ஓய்வும்கூடத்தான். மருந்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தப் பாலும் முட்டையும் வீட்டுக்கு வரவில்லை. சாப்பாடு சரியில்லாமலே கிருமி போகிறது என்று ஆய்வு சொன்னதைக் கேட்டவர்கள், சாப்பாடு முக்கியமே இல்லை என்று புரிந்துகொண்டார்கள். அறுபது வருடம் கழித்துத்தான் அந்தக் கணக்கு திரும்பப் பார்க்கப்பட்டது. ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த ரேஷன்ஸ் ஆய்வில், காசநோயாளிகளுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மாதாமாதம் தானியமும் பருப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். 2023இல் முடிவு வந்தது. சாப்பாடு கிடைத்த குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. நோயாளிக்கு முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறினால், சாகும் அபாயம் கணிசமாகக் குறைவதும் தெரிந்தது. அந்த வராந்தா முட்டை வீண் போகவில்லை.

படுக்கையும் முழுக்கத் தேவையற்றதாகிவிடவில்லை. 2022இல் தமிழக அரசு காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைத் தொடங்கியது. நோய் உறுதியானதும் நோயாளியின் உயரம், எடை, மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு பார்க்கிறார்கள். காலில் வீக்கம் இருக்கிறதா, பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். ரொம்ப மெலிந்தவர், மூச்சு வாங்குகிறவர், நிற்க முடியாதவர் என்றால் அட்மிஷன். மற்றவர்கள் வீட்டுக்கு. ஏனென்றால் காசநோய் சாவுகளில் பெரும்பகுதி சிகிச்சையின் தொடக்க வாரங்களிலேயே நடந்துவிடுகிறது. எல்லோருக்கும் ஒரு வருடம் என்பதும் இல்லை, யாருக்குமே வேண்டாம் என்பதும் இல்லை. இந்த உடம்புக்கு இப்போது படுக்கை வேண்டுமா என்று கேட்கிறார்கள். இந்த எளிமையான இடத்துக்கு வர இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

படுக்கை நாட்களை நோய் மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதை நாம் எல்லோருமே ஒருமுறை கண்ணால் பார்த்திருக்கிறோம். கொரோனா வந்த புதிதில், இரண்டு பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தால்தான் வீட்டுக்கு விடுவார்கள். 2020 மே 8ஆம் தேதி மத்திய அரசு விதியை மாற்றியது. லேசான நோயாளிக்குப் பத்து நாள் ஆகி, மூன்று நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் பரிசோதனை இல்லாமலே போகலாம். மே 7க்கும் மே 9க்கும் இடையில் கிருமி ஒன்றும் மாறிவிடவில்லை. கிருமியைப் பற்றிய அறிவு, படுக்கைக் கணக்கு, விதி, இவைதான் நகர்ந்தன.

வீடு என்று எதைச் சொல்கிறோம்?

சென்னை ஆய்வில் ஒரு பக்கம் சானடோரியம், இன்னொரு பக்கம் வீடு. அந்த வீடு குடிசையாக இருக்கலாம், ஒரே அறையில் ஏழு பேர் இருக்கலாம். ஆனால் கஞ்சி வைத்துக் கொடுக்க ஒரு ஆள் இருந்தது. போய்க் கதவைத் தட்டினால் திறக்க ஒரு குடும்பம் இருந்தது.

இன்றைய திருப்பூரில் அந்த வீடு எங்கே? பனியன் கம்பெனிகளில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். எங்கள் வீதியில் ஒரு லைன் வீட்டில் ஆறு பையன்கள் ஒரு ரூமில் இருந்தார்கள். ஒருவன் ஓவர்லாக் டெய்லர். மூன்று வாரமாக விடாத இருமல். ஒண்ணரை ஷிப்ட் முடித்து வந்து இரவெல்லாம் இருமுவான். சளிப் பரிசோதனையில் காசநோய் என்று வந்தது. மாத்திரையும் இலவசமாகக் கிடைத்தது. உடம்பு மோசமில்லை, அட்மிஷன் தேவையில்லை, வீட்டிலேயே சாப்பிடலாம் என்றார்கள். மருத்துவப்படி ஒரு குறையும் சொல்ல முடியாத பதில்.

ரூமில் இருந்த மற்ற ஐந்து பேரும் மூன்றே நாளில் அவனைக் கிளம்பச் சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பீஸ் ரேட்டில் ஓடுகிறவர்கள், படுத்தால் அன்றைக்கு வருமானம் இல்லை. அவன் ஊருக்கு ரயில் ஏறினான். அவனுடைய பதிவை அங்கே மாற்றிக் கொடுக்க முடியும், அதற்கான இணைய ஏற்பாடு நாடு முழுக்க இருக்கிறது. அவன் போய்ச் சேர்ந்த ஊரில் மாத்திரையைத் தொடர்ந்தானா என்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

சட்டப்படி இப்போது நிலைமை அப்புச்சி காலத்தைவிட எவ்வளவோ மேல். இ.எஸ்.ஐ.யில் சாதாரண நோய்க்கு வருடத்தில் 91 நாள் வரை 70 சதவீதக் கூலி கிடைக்கும். நீண்டகால நோய்கள் 34 கொண்ட பட்டியல் ஒன்று இருக்கிறது, காசநோய் அதில் உண்டு. அதற்கு 80 சதவீதக் கூலி இரண்டு வருடம் வரைகூட நீளும். ஆனால் அதற்கு இரண்டு வருடம் தொடர்ந்து காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும், குறைந்தது 156 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு கம்பெனி மாறுகிறவன், கான்ட்ராக்டில் ரோலுக்கு வெளியே தைக்கிறவன், இந்தப் படியில் ஏறவே முடியாது. சத்துணவுக்கென்று 2018 ஏப்ரலில் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பரில் 1,000 ஆக்கிய உதவித்தொகை உண்டு. அது பருப்புக்கு ஆகும். ரூம் வாடகைக்கு ஆகாது.

ஆக எனக்குத் தோன்றுவது இதுதான். தொற்று நோயாளி எத்தனை நாள் மருத்துவமனையில் இருக்கலாம் என்ற கேள்வியை மருத்துவமனைக்குள் மட்டும் வைத்துப் பார்த்தால் பதில் கிடைக்காது. 1959இல் "வீட்டுக்கு அனுப்பலாம்" என்று சொல்ல முடிந்ததற்குக் காரணம், வாராவாரம் மாத்திரை கொடுத்து, வீட்டுப் படியேறி எண்ணிப் பார்த்த ஆட்கள். அந்த ஆட்களும், அந்தப் படியும் இருந்தால்தான் படுக்கையைக் குறைப்பது நியாயம். இல்லாத ஒருவனுக்குப் பத்து, பதினைந்து நாள் தங்க ஓர் இடம், மருத்துவமனையாக இல்லாவிட்டாலும் சாப்பாடு போடுகிற ஏதோ ஓர் இடம், ஏற்றுமதியில் இவ்வளவு சம்பாதிக்கிற ஊரில் கட்ட முடியாததா?

இதையெல்லாம் எழுதுவதற்கு முன்னால் பெரியம்மாவிடம் போய் உட்கார்ந்து சொன்னேன். அப்புச்சி படுத்திருந்ததில் குறையில்லை, ஊசிதான் நின்றுபோச்சு, சட்டத்தில் ஜின்னிங்காரர்களைச் சேர்க்கவில்லை, அதனால் கூலி வரவில்லை என்று எனக்குத் தெரிந்த மாதிரி விளக்கினேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார்:

"அப்ப எங்கய்யன் எங்களுக்காவத்தான் எந்திருச்சு வந்துச்சா?"

ஆமாங்க பெரிம்மா என்றேன். முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காப்பி வைக்க எழுந்து போனார்.